ஆழ்வாப்பிள்ளையின் ஒஸ்ரினுக்கு நான் விற்ற இன்சூரன்ஸ்

1

இந்தக் கதை கனவில் வந்ததென்று சொல்ல ஆசைதான். ஆனால் கொமிசனுக்காக ஓடித் திரிந்தபோது கையில் அகப்பட்டது. 1960-ம் ஆண்டு நான் ஊர்காவற்றுறையில் இன்சூரன்ஸ் ஏஜென்ற். என்னிடம் ஒரு சைக்கிள், ஒரு தோல் பை, பைக்குள் எந்த ஆபத்துக்கும் ஒரு படிவம். ஆபத்துத்தான் போதாமல் இருந்தது. எங்கள் தீவுகளில் அப்போது இருந்த கார்கள் ஒன்றையொன்று முட்டுவதென்றால் ஒரு கிழமைக்கு முன்பே நாள் குறித்து ஒழுங்கு செய்ய வேண்டும்.

இதை எழுத இருபது வருடமாக முயல்கிறேன். எழுதி வெட்டிய தொடக்கங்களை மறைக்காமல் காட்டுகிறேன்:

மடத்துவெளியின் செம்மண் தெருவில் ஓர் இரும்புக் குதிரை கனைத்தபடி... (மடத்துவெளியில் செம்மண் இல்லை. குதிரைகளும் நெடுந்தீவில்தான்.)

மனித வாழ்வே காப்புறுதி இல்லாத ஒரு நெடும் பயணம் என்பதை... (இதை எழுதியவனை நானே கதிரையை விட்டு எழுப்பிவிட்டேன்.)

ஆழ்வாப்பிள்ளையிடம் ஒரு கார் இருந்தது. (இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.)

2

ஆழ்வாப்பிள்ளையிடம் ஒரு கார் இருந்தது. மலாயா ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு சொந்த ஊரான மடத்துவெளிக்குத் திரும்பியவர். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலேறும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போன 1930-ம் ஆண்டு ஒஸ்ரின் அது. துணிக்கூரை. தவளைக் கண்போல் வெளியே நீட்டிய இரண்டு விளக்குகள். பித்தளை ஹோர்ன். வீட்டிலிருந்து கோயில் நானூறு யார் தூரம்; அவ்வளவுக்கு ஓடும். திரும்பி வருவதற்கு நாலு பேர் தள்ள வேண்டும்.*

* தள்ளியவர்களுக்கு அவருடைய மனைவி இராசேஸ்வரி தேத்தண்ணி கொடுப்பார். கார் வெளிக்கிடும் சத்தம் கேட்டவுடனேயே கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவார். அந்தக் காரைப் பற்றி யாரும் சொன்ன அபிப்பிராயங்களில் இதுவே மிகச் சுருக்கமானது.

காரைப் பழையது என்று சொன்னவர்களுக்கு அந்த வீட்டில் இரண்டாம் தரம் கதிரை கிடைக்காது. "பழசு எண்டுறது செருப்பைத் தம்பி. இது கிளாசிக்." ஒரு கவர்னர் அதில் ஏறி இருந்தார் என்பார். எந்தக் கவர்னர் என்று கேட்டால் வெற்றிலைத் தட்டை இழுப்பார்.

அவருடைய மகனுக்கு நயினாதீவில் பெண் பேசி முற்றாகியது. ஆவணியில் கல்யாணம், பெண் வீட்டில். மாப்பிள்ளை நயினாதீவுத் தெருவில் ஒஸ்ரினில்தான் ஊர்வலம் போவார் என்று ஆழ்வாப்பிள்ளை அறிவித்தார். இடையில் கடல் இருந்தது. அதை அவர் ஒரு சின்ன நிர்வாகச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டார்.

3

கடலைக் கடக்க இன்னாசித்தம்பியைக் கூப்பிட்டார்கள். அவரிடம் இரண்டு வள்ளம். ஒன்று அவர் உழைத்துத் தேடியது, மற்றது மனைவி எமிலி சீதனமாகக் கொண்டுவந்தது. பாரச் சாமான் வந்தால் இரண்டையும் அருகருகே விட்டு, குறுக்கே பனங்குற்றி போட்டுக் கட்டி, மேலே பலகை அடித்து ஒரு மேடையாக்குவார். கூரை ஓடு ஏற்றியிருக்கிறார், மாடு ஏற்றியிருக்கிறார். கார் ஏற்றியதில்லை.

(என் முதல் வரைவில் இன்னாசித்தம்பி பேசமாட்டார்; கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கதைகளில் வரும் மீனவர்களுக்கு வேறு வேலை இல்லை. உண்மையான இன்னாசித்தம்பி குனிந்து காரின் சில்லைப் பார்த்தார், எத்தனை அந்தர் பாரம் வரும் என்று கேட்டார், பிறகு குறைந்தது பத்து நிமிடம் விடாமல் பேசினார். அந்த மௌன மீனவரைக் கதையிலிருந்து நிற்பாட்டிவிட்டேன்.)

அவர் பேசியதன் சாரம் இது. பாரம் ஏற்றும் வள்ளக்காரருக்கு ஒரு முறை உண்டு: சாமான்காரன் சாமானோடு வரவேண்டும். காற்று மாறி வள்ளம் தாழப் பார்த்தால் பாரத்தைக் கடலில் தள்ளத்தான் வேண்டும். சொந்தக்காரன் சொல்லாமல் தள்ளினால் நாளைக்கு ஊரில் ஒருவரும் சாமான் தரமாட்டார்கள். கூட இருந்தால் அவன் வாயாலேயே தள்ளு என்பான். ஒருமுறை ஓடு கொண்டுபோனபோது முதல் ஓட்டை எறிந்தவரே ஓட்டுக்காரர்தானாம்.

"காரெண்டால் என்ன, மாடெண்டால் என்ன ஐயா," என்றார். "நீங்கள் ஏறி இருந்தால் கொண்டுபோறன். இல்லாட்டி ஏலாது. இந்த ரெண்டு வள்ளத்தையும் விட்டால் எங்களுக்கு வேறை ஒண்டும் இல்லை."

மலாயாவுக்குக் கப்பலில் போய் வந்த ஆழ்வாப்பிள்ளைக்கு முகம் கொஞ்சம் வெளிறியது. ஆனால் சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். ஓம் என்றார்.

4

என் வாழ்நாளில் ஒரு பகல் முழுக்க நெஞ்சு படபடக்க நான் நின்றது இரண்டு தரம். இரண்டாவது என் கல்யாணம். முதலாவது, ஆழ்வாப்பிள்ளையின் விறாந்தையில் அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் தெரிந்தெடுத்த நாள்.

போட்டிக்கு இன்னொரு கொம்பனியின் ஏஜென்ற் சில்வெஸ்ரர், கரம்பொன்னில் இருந்து வந்திருந்தார். என்னிடம் வாகனக் காப்புறுதி, முழுவதும். அவரிடம் கடல்வழிச் சரக்குக் காப்புறுதி. கேள்வி ஒன்றுதான்: வள்ளத்தின் மேல் நிற்கும் கார், காரா சரக்கா? சில்லுச் சுற்றவில்லை, ஆகவே சரக்கு என்றார் சில்வெஸ்ரர். உரிமையாளர் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார், ஆகவே கார் என்றேன் நான். இதை இருவரும் ஒன்றரை மணித்தியாலம் வாதாடினோம். இப்போது நினைத்தாலும் புல்லரிக்கிறது. நீதிமன்றத்தில்கூட இவ்வளவு சத்தமாக இவ்வளவு சின்ன விடயம் பேசப்பட்டிருக்காது.

பிறகு சில்வெஸ்ரர் படிவத்தை நீட்டினார். ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"பொதியோ?"

"ஓம் ஐயா. படிவத்திலை அப்பிடித்தான் இருக்கு. பொதி, ஒண்டு."

"கருவாட்டுச் சிப்பத்துக்கும் இந்தப் படிவம்தானோ?"

சில்வெஸ்ரர் நேர்மையான மனிதர். அதுதான் அவரைக் கெடுத்தது. "ஓம்," என்றார்.

நான் உடனே என் படிவத்தை விரித்தேன். 'வாகனத்தின் விசேட அம்சங்கள்' என்று அதில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஆழ்வாப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினேன். அரைப் பக்கம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டினோம். கவர்னரும் ஏறினார். பெறுமதி என்ற இடத்தில் அவர் சொன்ன தொகைக்கு இரண்டு புதுக் கார் வாங்கலாம்.

சில்வெஸ்ரர் பையைக் கட்டிக்கொண்டு, போகும்போது ஒன்று சொன்னார்: "ஐயா, ஒரு விசயம். வள்ளத்தைக் காப்பாத்தக் காரைக் கடலிலை தள்ளவேண்டி வந்தால் என்ரை கொம்பனி காசு தரும். இவரின்ரை தராது. சொந்தக்காரர் தெரிஞ்சு செய்யிற சேதத்துக்கு அதிலை இடமில்லை."

உண்மை. என் படிவத்தின் ஒன்பதாம் பிரிவு. எறும்பு எழுத்தில்.

இராசேஸ்வரி உள்ளேயிருந்து, பொதியென்று எழுதினால் காருக்கு வலிக்கப்போகிறதோ என்று கேட்டார். ஆழ்வாப்பிள்ளை அதற்கிடையில் என் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டார். என் கொம்பனியும் ஒத்துக்கொண்டது. கொழும்பில் இருந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கிட்ட இருக்கும் தீவுக்குப் பாலம் இல்லாமலா இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

வாசல் படலையடியில் நின்ற இன்னாசித்தம்பி, இரண்டு படிவத்திலும் வள்ளம் எந்த இடத்தில் வருகிறது என்று விசாரித்தார். நானும் சில்வெஸ்ரரும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். ஒரு இடத்திலும் வரவில்லை.

5

காலை எட்டு மணிக்கு ஏற்றினார்கள். பலகை கிறீச்சிட்டது. இரண்டு வள்ளமும் ஒரு முழம் தாழ்ந்து, யோசித்து, நின்றன. கரை முழுக்க ஆட்கள். ஆழ்வாப்பிள்ளை கோட்டும் தலைப்பாகையுமாக ஸ்ரேறிங்குக்கு முன்னால். சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, காரை ஒரே வடக்கயிற்றால் குற்றியோடு பிணைத்தார்கள். இன்னாசித்தம்பி தன் வள்ளத்தில். எமிலி தன்னுடையதில் தண்ணீர் இறைக்கும் பட்டையோடு. கரைக் கயிற்றை அவிழ்த்துப் பாய் விரித்ததும் ஆழ்வாப்பிள்ளை ஹோர்ன் அடித்தார். எதிரே வந்த மீன்வள்ளத்துக்கு இன்னொரு தரம் அடித்து, ஸ்ரேறிங்கை இடப்பக்கம் வெட்டினார். நான் கரையில் நின்று கை தட்டினேன். ஏஜென்றும் ஏற வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

(அப்படியானால் நடுக்கடலில் நடந்தது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எமிலி சொன்னார். சொல்லும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் திறமை இல்லை, விருப்பமும் இல்லை.)

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் கார் தாழ்கிறது, தலைப்பாகை மட்டும் மிதந்து நயினாதீவுக்குப் போய்ச் சேர்கிறது. எழுதிவிட்டு இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள், நான் எழுதிய அந்தக் கடலில் இன்னாசித்தம்பி கழுத்தளவு தண்ணீரில் நின்று, காரைத் தாட்டீர், சரி, அதுக்குக் கீழே இருந்த வள்ளங்களை என்ன செய்தீர் என்று கேட்டார். நான் அவற்றைக் கவனிக்கவே இல்லை. என் படிவத்தைப் போலவே.

இரண்டாவதில் எல்லாரும் சுகமாய்ச் சேர்ந்து, கார் ஸ்ராற் ஆகாமல், மாப்பிள்ளையே பட்டுவேட்டியோடு தள்ளுகிறார். நல்ல முடிவு. ஆனால் அன்றைக்குக் காற்று எழும்பியது. நான் இல்லையென்று எழுதினாலும் அது எழும்பியதுதான்.

மூன்றாவது: அதுவரை பொருளையே நேசித்து வந்த ஆழ்வாப்பிள்ளை அந்தக் கணத்தில் மனிதத்தின் பேரொளியை... (இதைத் தொடரமாட்டேன். அவர் அப்படியான ஆளுமில்லை, நான் அப்படியான ஆளுமில்லை.)

6

நடந்ததைச் சொல்கிறேன். பாதி வழியில் சோழகக் காற்று ஒரே அடியாக எழும்பியது. பாரம் எமிலியின் வள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. எமிலி இறைக்க இறைக்க இரட்டிப்பாய் வந்தது. இன்னாசித்தம்பி பலகையில் ஊர்ந்து வந்து, வடக்கயிற்றில் கத்தியை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இதை வெட்டினால் கார் போகும், வள்ளம் ரெண்டும் நிக்கும். வெட்டாட்டி எமிலியின்ரை போகும், அதோடை மற்றதும் போகும். தண்ணி ஆழமில்லை, நாங்கள் ஆரும் சாகமாட்டம். வள்ளம்தான். சொல்லுங்கோ."

"கொஞ்சம் பாப்பம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"என்னத்தைப் பாக்கிறது?"

ஆழ்வாப்பிள்ளையின் கை கோட்டுப் பைக்குள் போனது. அங்கே என் பத்திரம் இருந்தது. ஓம், வெட்டு என்று சொன்னால் அது செல்லாது; கார் வள்ளத்தோடு சேர்ந்து தாழ்ந்தால் காசு வரும். அது அன்றைக்கு அந்த விறாந்தையில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். எமிலிக்குத் தெரியாது. அவர் இறைப்பதை நிறுத்தாமல் சொன்னார்:

"ஐயா, உங்கடை காருக்குக் கடதாசி இருக்கு. எங்கடை வள்ளத்துக்கு நீங்கள் மட்டும்தான்."

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இருபது வருடமாகக் கல்யாண வீட்டிலும் செத்தவீட்டிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். இந்த இடம் வந்தவுடன் எல்லாரும் முன்னுக்கு வந்து, கார் தப்பினதோ என்று கேட்கிறார்கள். வள்ளத்தைக் கேட்ட ஒரு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஆகையால் ஆழ்வாப்பிள்ளையை இறக்கிவிட்டேன். ஸ்ரேறிங்குக்கு முன்னால் இப்போது இருப்பவர் நீங்கள். இரண்டு புதுக் காரின் பெறுமதி உங்கள் கோட்டுப் பைக்குள். கத்தி கயிற்றில். இன்னாசித்தம்பி உங்களைத்தான் பார்க்கிறார்.

ஓமோ, இல்லையோ? கெதியாகச் சொல்லுங்கள். எமிலிக்குத் தண்ணீர் முழங்கால் தாண்டிவிட்டது.