வெள்ளைக் கோடு வெளிப்பக்கம்

டிரெய்லர் வீட்டில் வாழ்ந்து, டிரெய்லர் வீட்டில் சமைத்து, டிரெய்லர் வீட்டிலேயே ஒருநாள் கண்மூடப்போகும் சகல ஜனங்களும் தத்தம் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: சாண்டா ரோசாவுக்கு வெளியே, நெடுஞ்சாலை இரைச்சல் ஓயாத ஒரு முகாம் மைதானத்தில், வெர்லின் ஹாஸ்கின்ஸ் தன் டிரெய்லருக்கு நான்கு டயர்கள் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார். தேர்வு செய்வதற்கென்று ஒரு மகாசபை கூடியது. சபைக்கு நடுவில், வெடித்த டயர் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த உடம்பைப்போல வாய் பிளந்து கிடந்தது. அதைச் சுற்றி பீர் டப்பாக்களோடு ஆண்கள்.

வெர்லினின் மனைவி ஆர்டித் டிரெய்லருக்குள் ஜன்னலோரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிய வேகத்தில் வெங்காயம் கூழாகிக்கொண்டிருந்தது.

கோபத்துக்குக் காரணம் டயர் அல்ல. நெடுஞ்சாலையில் டயர் வெடித்தபோது டிரெய்லரை இழுத்த பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். பின்னால் இழுத்துவந்த வீடு பாம்பாய் நெளிந்தபோது, பிரேக்கில் கால் வைக்காமல், பக்கத்தில் அலறிய வெர்லினைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மெல்ல மெல்ல ஓரங்கட்டி நிறுத்தியவளும் அவள்தான். ஸ்டெப்னி மாட்டி இங்கே வந்து சேர்ந்த அன்று மாலையே, தீ மூட்டிய வட்டத்தில் வெர்லின் கதையைச் சொல்லிவிட்டார். "எம்பதுல பறந்தா எந்த டயர்தான் தாங்கும்? சொல்லுங்கப்பா." அறுபதைத் தாண்டாத முள், கதைக்குள் எண்பதாகிவிட்டது. மறுநாள் முழு முகாமுக்கும் அது தெரிந்திருந்தது. குளியலறை வரிசையில் யாரோ ஒருத்தி, "இனிமே கொஞ்சம் பதமா ஓட்டுங்க" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து பிக்கப் சாவி வெர்லினின் சட்டைப்பையில் இருந்தது. ஆரிகன் வரை மிச்சமிருக்கும் மலைப்பாதை முழுவதையும் தானே ஓட்டப்போவதாக அறிவித்துவிட்டார். அவருடைய வலது கண்ணில் புரை. போன மாதம் பெட்ரோல் பங்கில் குப்பைத் தொட்டியை வேலையாள் என்று நினைத்து வழிகேட்டவர். அந்தக் கண்ணை நம்பி, எட்டாயிரம் பவுண்டு எடையுள்ள வீட்டை இழுத்துக்கொண்டு, வளைவுகளில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வர வேண்டும்.

வெளியே வெர்லினின் பழைய சிநேகிதர் பர்ல் ஓகில்வி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற செய்தி அவருடைய குரலுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. பையிலிருந்து ஒரு சென்ட் காசை எடுத்தார். டிரெய்லரில் மிச்சமிருந்த டயர் ஒன்றின் பட்டன் இடுக்கில், அதாவது தரையில் உரசும் ரப்பர் மேடுகளுக்கு நடுவே, காசிலிருந்த ஜனாதிபதியைத் தலைகீழாகச் செருகினார். உச்சி முடி தெரிந்தால் டயர் காலி என்று கணக்கு. ஜனாதிபதி நெற்றிவரை முங்கிப்போனார்.

"பாருங்க. புதுசுய்யா இது. பட்டன் இப்பிடி இருக்கற டயர் தானா வெடிக்குமா?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எல்லோரும் அவரவர் காசை எடுத்து அவரவர் ஜனாதிபதியை முக்கினார்கள். வெர்லின், முடிவு தெரிந்தும் கடைசியாக, மிகுந்த துக்கத்தோடு முக்கினார்.

"ஓட்டறவங்க கையிலதான் இருக்கு" என்றார் பர்ல், ஜன்னல் பக்கம் திரும்பாமல், ஜன்னலுக்குக் கேட்கும்படி.

ஆர்டித் கத்தியைக் கீழே வைத்தாள். இந்த டயர்களைப் போன இலையுதிர் காலத்தில் வெர்லினுக்கு விற்றதே இந்த பர்ல்தான். தன் பழைய டிரெய்லரிலிருந்து கழற்றியது, ஓடவே ஓடாதது, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்டது என்றெல்லாம் சொல்லி விற்றார். பாதி விலைக்குக் கிடைத்ததென்று வெர்லின் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். விற்றது பர்ல், வாங்கியது வெர்லின், ஓட்டியது ஆர்டித். ஆகவே தப்பு ஆர்டித்துடையது. எவ்வளவு சுத்தமான கணக்கு!

சபை அடுத்த தலைப்புக்குப் போனது. எந்த நாட்டு டயர், எத்தனை அடுக்கு, லாரி டயரைப் போடலாமா கூடாதா. இப்படியே ஒரு சாயங்காலம் போனது, இன்னொன்றும் போனது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவர் கழிப்பறைக்குப் போனதும் அவர் சொன்னது எவ்வளவு அபத்தம் என்று பேசுவார்கள். மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் ஆர்டித் ஊருக்குள் இருந்த டயர் கடைக்குப் போன் போட்டாள். அளவைச் சொன்னாள். கடைக்காரன் இருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்டான்:

"பழசு எந்த வருசத்து டயர் மேடம்?"

"வருஷமா? பட்டன் நல்லாத்தான் இருக்கு."

"பட்டனைப் பார்க்காதீங்க. டிரெய்லர் டயரு ஓடித் தேயறது கம்மி, வெயில்ல நின்னே செத்துப்போகும். பக்கவாட்டுல நாலு எண்ணு அச்சடிச்சிருப்பாங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். வெளிப்பக்கம் காணோம்னா உள்பக்கம் இருக்கும்."

வெள்ளைக் கோடு வெளியே தெரிய வேண்டுமென்று மாட்டும்போது அடம்பிடித்தது யார் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்று சபை கூடியபோது, ஆர்டித் வாசலில் கிடந்த பாயை உருவி டிரெய்லருக்கு அடியில் விரித்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாந்து உள்ளே நுழைந்தாள். வெளியே தெரிந்தவை அவளுடைய ரப்பர் செருப்புகள் மட்டும்.

"என்ன ஆர்டித், அங்க என்ன தேடற?" என்றார் பர்ல். "தொலைச்ச வேகத்தயா?"

சிரிப்பு எழுந்தது. வெர்லினும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அச்சுக்கும் மண்ணுக்கும் இடையில் கிடந்தபடி தனியாகப் பிரித்துக் கேட்டாள். முப்பத்தெட்டு வருடம் கேட்ட சிரிப்பு. எத்தனை பேர் நடுவிலும் அடையாளம் தெரியும்.

ரப்பரில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள். மெல்லிய வெடிப்புகள், காய்ந்த உதட்டைப்போல. அவற்றுக்கு நடுவே எண்கள். டார்ச்சைக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பர்ல்!"

"சொல்லும்மா."

"ரெண்டு, மூணு, ஒண்ணு, நாலு. ரெண்டாயிரத்துப் பதினாலாம் வருஷம், இருபத்து மூணாவது வாரம். ஒம்போது வருஷத்துக் கிழடு. இத புதுசுன்னு வித்திருக்கீங்க."

சிரிப்பு நின்றது. ஒரு பீர் டப்பா மண்ணில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"கொட்டாய்க்குள்ள பத்திரமால்ல நின்னுது" என்றார் பர்ல். இப்போதுதான் அந்தக் குரல் ஓய்வுபெறத் தொடங்கியது. "ஓடவே இல்லையே."

"நானும் எம்பதுல ஓடல."

அடுத்த டயருக்கு நகர்ந்தாள். அதே எண்கள். அதையும் உரக்கப் படித்தாள், மூன்றாவதையும் படித்தாள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் படித்தாள். வெளியே வந்தபோது முடியெல்லாம் செம்மண். பர்லின் மனைவி மார்வா மட்டும், "ஏ ஆர்டித், முதுகு பூரா கிரீஸு" என்று ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

மன்னிப்புக் கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். அரை நிமிடம் நின்றுகொண்டிருந்தாள். அந்த அரை நிமிடத்தில் வெர்லின் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகந்தான்" என்றார் சபையைப் பார்த்து. "அந்த ரப்பர்ல ஒரு வாடை வந்துச்சு."

"வாடை வரும், வரும்" என்று இரண்டு பேர் ஆமோதித்தார்கள். பிறகு, எந்த ரகம் அதிக நாள் கெடாமல் இருக்கும் என்ற விவாதம் தொடங்கியது. பர்ல் அதில் முன்னைவிட உற்சாகமாகக் கலந்துகொண்டார்.

ஆர்டித் கணவர் முன் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு? காலைல நானே ஓட்டி…"

"வெர்லின். அதோ அந்த மரத்துல ஒக்காந்திருக்கறது என்ன?"

வெர்லின் கண்களை இடுக்கினார். நெடுநேரம் பார்த்தார். "ஆந்தை" என்றார்.

யாரோ காற்றில் பறக்கவிட்ட பிளாஸ்டிக் பை, கிளையில் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெர்லின் சட்டைப்பையைத் தடவி சாவியை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைக்காமல், பக்கத்திலிருந்த மேஜையில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

காலையில் கடைக்காரன் புது டயரைக் கையில் உருட்டியபடி, "வெள்ளைக் கோடு வெளிய வரட்டுமா?" என்று கேட்டான். வெர்லின் வாய் திறந்தார்.

"தேதி வெளிய வரட்டும்" என்றாள் ஆர்டித்.

அன்று மாலை தீ வட்டத்தில், முகாமே காதைத் தீட்டிக்கொண்டிருக்க, வெர்லின் எழுந்து நின்று பேசினார். அடுக்குகளை ஒப்பிட்டது, நாடுகளை அலசியது, மூன்று நாள் யோசித்து எல்லாவற்றையும் தள்ளி இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. கைதட்டினார்கள். பர்ல் எழுந்து கைகுலுக்கினார். வட்டத்துக்கு வெளியே, டிரெய்லரை இணைத்துத் தயாராக நின்ற பிக்கப்பின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆர்டித் இருக்கையைத் தன் காலுக்குத் தக்கபடி முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். அதில் அந்தப் பக்கத்து இரண்டு புது டயர்களும் தெரிந்தன, எண்கள் வெளிப்பக்கம்.

கடையில் அந்த அளவில் இருந்தது ஒரே ஒரு ரகம்தான்.