கொழுப்பில்லாத மூன்று மாதம்

எங்கள் வீட்டில் தேங்காய்ப்பாலுக்குத் தடை விழுந்தது மாசி மாதம். குடும்ப டொக்டர் அன்ரனெற் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் கொலஸ்ட்ரோல் குறையாவிட்டால் குளிசை போடவேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். காலையில் ஒரு குளிசையை விழுங்கிவிட்டு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடலாமே! என் மனைவி சுலக்சனா விடுவாளா? சமையலாலேயே குறைத்துக் காட்டுகிறேன் என்று அங்கேயே சபதம் போட்டாள். குறைந்தால் ஆயுளுக்கும் அந்தச் சாப்பாடு. குறையாவிட்டால் பழைய சமையல். இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

ஆகவே கொலஸ்ட்ரோலைக் குறையவிடாமல் காக்க நான் பாடுபட்டேன்.

தேங்காய்ப்பால் விடாமல் அவள் வைத்த சொதி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இடியப்பத்தை அதில் நனைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். ஒருநாள் விடாமல் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

என் வேலையிடத்துக்குக் கிட்ட, மில்லிக்கனில் தமிழ்க் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவில் எண்ணெயில் பொரித்த மட்டன் ரோல்ஸ் விற்கிறார்கள். காரில் ஐந்து நிமிடம். ஆனால் எங்கள் காரின் நம்பர் பிளேட்டில் எண்ணே இல்லை, மேலதிகமாகக் காசு கட்டி எழுதுவித்த மகள் தக்ஷிகாவின் பெயர்தான் இருக்கிறது. அதை அங்கே நிறுத்தினால், நான் முதல் கடி கடிப்பதற்குள் தெரிந்தவர் யாராவது எடுத்த படம் சுலக்சனாவின் போனுக்குப் போய்விடும். அதனால் தினமும் மத்தியானம் நடந்தேன். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். பனி கொட்டியபோதும் விடவில்லை. நின்றபடியே இரண்டு ரோல்ஸை உள்ளே தள்ளிவிட்டு ஓடிவருவேன்.

வைகாசியில் முடிவு வந்தது. கொலஸ்ட்ரோல் குறைந்திருந்தது. கூடவே என் எடையில் பதினைந்து இறாத்தலும் போயிருந்தது. டொக்டர் சுலக்சனாவின் கையைப் பிடித்துப் பாராட்டினார். நான் எங்கள் ஒப்பந்தத்தை நினைத்தேன். சாகும்வரை அந்தச் சொதியா?

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கார் அஜக்ஸ் பக்கம் திரும்புமுன்னே எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன்.

"உம்மடை சமையலாலை குறையேல்லை. ரோல்ஸுக்கு நடந்துதான் குறைஞ்சது."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். பார்த்தால், சிரிக்கிறாள்.

"என்ரை சமையலாலை எப்பிடியப்பா குறையும்? உங்கடை முகத்தைப் பார்க்கேலாமல் ரெண்டாம் கிழமையே சொதிக்குப் பால் விடத் தொடங்கீட்டன்."

"கட்டிப்பாலோ?"

"ஓம். ஒரு முழு ரின் தேங்காய்ப்பால்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அதைவிடப் பெரிய சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. சிரிப்பை அடக்கமுடியாமல் காரை ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொதி வைத்தாள். அதே சொதிதான், ஒரு துளியும் மாற்றவில்லை என்றாள். நான் மூன்று கிண்ணம் வாங்கிக் குடித்தேன்.