டாக்கெட் அண்ணை உண்மை சொன்ன நாள்

சுவிஸ்காரரிடம் எப்படிக் கதை சொல்ல வேண்டும் என்பதில் குணசேகரத்தை மிஞ்ச ஆளில்லை. எண்பத்தொன்பதில் அகதி விசாரணையில் கொஞ்சம் கூட்டிச் சொல்லி, திகதி பிசகி, வழக்கு விழுந்து, பிறகு ஏழு வருசம் நடந்ததை நடந்தபடி சொல்லிச் சொல்லியே வதிவிட அனுமதி எடுத்தவர். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, திகதி மாறக்கூடாது.

இதைத்தான் டாக்கெட் அண்ணைக்கும் படிப்பித்தார்.

பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் குணசேகரம் துப்புரவு செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்தவர் டாக்கெட். தொண்ணூற்றேழு வயது அமெரிக்கக் கறுப்பர். கட்டியது பேர்ன் தாதி ஒருத்தியை. அவ போய்ச் சேர்ந்து பத்து வருசம். பேர்ன் ஜெர்மன் குணசேகரத்தைவிட நன்றாகக் கதைப்பார். வெள்ளைக்காரர் தங்கள் பேஸ்பால் அணிகளில் கறுப்பரைச் சேர்க்காத காலத்தில், கறுப்பருக்கென்றிருந்த லீக்கில் பந்து எறிந்தவர். அவர் எறிந்த வேகத்தில், எதிராளி மட்டையை வீசியது மறுநாள் காலை பல் விளக்கும்போதுதானாம். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இராது.

அவர் செய்த குற்றம், இரண்டு தரம் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் பேர்னுக்குப் போய், ஒரு கடையின் முன்மேசையில் இருந்து ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தது. மூளை சரியோ என்று பார்க்க டொக்டரை அழைத்துவிட்டார்கள். சரியில்லையென்றால் மறதி நோயாளரை வைத்திருக்கும் மூன்றாம் மாடி. அங்கே கதவுக்கு இலக்கப் பூட்டு.

"குணா, அந்தக் கதவுக்குப் பின்னாலை நான் ஒரு கிழமை தாங்கமாட்டன்."



"பயப்பிடாதேங்கோ அண்ணை. அந்தப் பல் விளக்கிற கதையை மட்டும் எடுக்காதேங்கோ. நடந்ததைச் சொல்லுங்கோ. நான் யன்னல் துடைக்கிற சாட்டிலை பக்கத்திலை நிப்பன்."

டொக்டர் இளம்பெண். நல்ல பிள்ளை. கோப்பியும் வார்த்துக் கொடுத்தா.

"அந்தக் காலத்திலை விளையாடப் போற ஊர்களிலை எங்கை தங்குவீங்கள், ஹெர் டாக்கெட்?"

"பஸ்ஸிலை. ஹோட்டலிலை இடம் தரமாட்டினம்."

"காசு இல்லையோ?"

"காசு இருந்தது. இடம்தான் தரமாட்டினம்."

"ஆர்?"

"எல்லாரும்."

டொக்டர் மடிக்கணினியில் தட்டினா.

"சாப்பாடு?"

"கடையின்ரை பின்யன்னலாலை. ஒருநாள் பத்தாயிரம் பேர் எனக்குக் கைதட்டினவை. வெளியிலை வந்து தண்ணி கேட்டால் ஒருத்தரும் தரேல்லை. ஊர் எல்லை வரைக்கும் பொலிஸ் பின்னாலை வந்தது."

டொக்டர் ஊர், வருசம் எல்லாம் கேட்டா. ஒன்றும் பிசகவில்லை. குணசேகரத்துக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. துணியை மடிக்கிற மாதிரி டொக்டரின் முதுகுப்பக்கம் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "துன்புறுத்தப்பட்டார்" என்று தன் வழக்கில் எழுதுவிக்க ஏழு வருசம் பிடித்தது. டாக்கெட்டுக்குப் பத்தே நிமிசத்தில் எழுதியாயிற்று. "துன்புறுத்தப்பட்டதாகப் பிரமை" என்று.

"ஃப்ராவ் டொக்டர், அவ்வளவும் உண்மை!"

"நீங்கள் அங்கை இருந்தனீங்களோ?"

"இல்லை. அவர்தான் சொன்னவர்."

டொக்டர் அன்பாகச் சிரித்தா. அந்தச் சிரிப்பை விசாரணை அறையில் கண்டவர் குணசேகரம்.

"இவருக்கு மூளை சுகம், ஃப்ராவ் டொக்டர்! வடிவாய்ப் பொய் சொல்லுவார்! அண்ணை, பல் விளக்கிற கதையைச் சொல்லுங்கோ, கெதியாய்!"

அதையும் டொக்டர் தட்டிக்கொண்டா.

டாக்கெட் மூன்றாம் மாடிக்குப் போனார். மூன்று மாதத்தில் மறுபரிசோதனை என்றார்கள். அதுவரை தாங்கவேண்டும். குணசேகரம் தினமும் வாளியோடு மேலே போய்ப் புதிதாகப் படிப்பித்தார்.

"ஏன் பஸ்ஸிலை படுத்தனீங்கள்?"

"ஹோட்டலிலை..."

"இல்லை அண்ணை! 'எங்களுக்கு அது ஒரு பகிடி' எண்டு சொல்லுங்கோ."

"பகிடி."

"ஏன் பின்யன்னல்?"

பூட்டிக் கிடந்த கதவையே டாக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் போட்டிருந்த சேட்டின் கழுத்து இரண்டு விரல் தளர்ந்திருந்தது.

"முன்னாலை விடமாட்டினம், குணா."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. சரி, அதை விடுங்கோ. உங்கடை பந்துக்கு அடுத்தநாள் மட்டை வீசினவன்ரை கதை? அதைக் கேட்டால் டொக்டர் சிரிப்பா."



"அவன் வீசினவன், குணா. அண்டைக்கே அடிச்சவன். பந்து மதிலுக்கு அங்காலை போனது."

குணசேகரம் வாளியைக் கீழே வைத்தார்.

"இல்லை அண்ணை," என்றார். "திரும்ப முதலிலையிருந்து சொல்லுங்கோ."