வங்காளி முனி

புழு வைத்த புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டு அலம்பி, நேரே போய்ச் சாப்பாட்டுக்கு உட்காரக்கூடிய மனிதர் சந்தனசாமி. கோத்தா திங்கிக்கு மேலே, ஜோகூர் ஆற்றங்கரையில் இருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டிரெசர். சீழ், பேதி, பிரசவம், பிணம் எல்லாவற்றையும் பார்த்த மூக்கு அது. அப்பேர்ப்பட்டவருக்கு, பெரிய வெள்ளம் வந்துபோன மறு வருஷத்திலிருந்து, ரப்பர் ஸ்டோர் முனையைத் தாண்டும்போதெல்லாம் அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது.

அந்த முனையில் ஒரு சாமி உட்கார்ந்திருந்தது. களிமண் உடம்பு, தலையில் நீலத் தலைப்பாகை. சணலைப் பிரித்து ஒட்டிய தாடியில் எறும்பு ஊரும். வாயில் சுருட்டு புகைந்துகொண்டே இருக்கும். காலடியில் கள்ளுப் பானை, பானையைச் சுற்றி ஈ, அதற்குக் கீழே காய்ந்து கறுத்த கோழி ரத்தம். வங்காளி முனி என்று பேர் வைத்திருந்தார்கள்.

வங்காளி என்றால் வங்காளமில்லை. பஞ்சாபிலிருந்து வந்த சிங்குகளை வங்காளி என்று கூப்பிடுவது இந்த நாட்டு வழக்கம், யார் சொல்லியும் திருந்தாத வழக்கம். அந்தச் சாமி உயிரோடு இருந்தபோது கேஹர் சிங் என்ற பெயரில் ஸ்டோருக்கு ஜாகாவாக இருந்தார். ராத்திரி முழுக்கக் காவல். விடிந்ததும் ஆற்றில் குளித்து, நீளமான தலைமுடியைச் சீப்பால் வாரி முடிந்து, கிழக்கே வெளுக்கிற வரைக்கும் வாய்க்குள்ளேயே எதையோ ஓதுவார். பிறகு ஆஸ்பத்திரிப் பின்கட்டுக்கு வந்து சந்தனசாமியோடு தேநீர் குடிப்பார். குடித்த கையோடு சந்தனசாமி சுருட்டைப் பற்றவைத்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். புகையிலை என்றால் அவருக்கு மலத்துக்குச் சமானம். அந்த வாயில்தான் இன்றைக்குச் சுருட்டு.

இவருக்குப் பஞ்சாபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சந்தை மலாய். காய்கறி வாங்கத்தான் அந்த மலாய் லாயக்கு என்று சந்தனசாமி நினைத்திருந்தார். கேஹர் சிங் அதை வைத்துக் கடவுளைப் பற்றிப் பேசினார்.

"உங்க சாமி படம் ஒண்ணுகூட உன் கொட்டாயில காணோமே" என்று ஒருநாள் சந்தனசாமி மலாயில் கேட்டார்.

"எப்படி வரைவான் டிரெசர்? உருவம் தாராக்" என்றார் கேஹர் சிங். இல்லை என்பதற்கு அந்த மலாயில் தாராக். பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: "துஹான் சாத்து. மாக் தாராக், பாப்பா தாராக். செண்டிரி ஜாடி. தாக்குட் தாராக், மூசு தாராக், மாத்தி தாராக்."

கடவுள் ஒருவர். அவருக்குத் தாய் இல்லை, தகப்பன் இல்லை. தானாகவே ஆனவர். பயம் இல்லை, பகை இல்லை, சாவும் இல்லை.

சந்தனசாமி வேதக்காரர். வீட்டில் அந்தோணியார் சுரூபத்துக்குத் தினமும் மெழுகுவத்தி கொளுத்துகிறவர். தாய் இல்லை என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. "எங்க சாமி மாட்டுக்கொட்டாயில பொறந்தவரு. அவருக்குத் தாய் உண்டு" என்றார்.

"உன் சாமியை நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்களோ அதைச் சொன்னேன். கர்ப்பத்துல வர்றது எல்லாம் ஒருநாள் போகணும். வராதது எதுவோ அது அவன். எங்க குருமாருங்க பத்துப் பேரு. அவங்களையே கடவுள்னு கூப்பிடக் கூடாது எங்களுக்கு. வழி காட்டினவங்க, அவ்வளவுதான்."

"அப்ப அவரு எங்கதான் இருக்காரு?"

"என்கிட்ட, உன்கிட்ட, அந்த மம்பட்டி பிடிக்கிற சீனன்கிட்ட. அதனாலதான் யாரும் பகை இல்லை."

சந்தனசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சில நாள் தேநீருக்குக் கூப்பிடவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். கோபம் தீர்ந்துபோனதால் இல்லை, தோட்டத்தில் பேசுகிறதற்கு வேறு ஆள் இல்லாததால்.

வெள்ளம் வடிந்தபோது பேதி வந்தது. கூலிகள் குடியிருந்த லயத்தில் பலர் போனார்கள், கேஹர் சிங்கும் போனார். புலியோடு சண்டை போட்டுச் செத்தார், கள்ளர்கள் வெட்டிச் செத்தார் என்று இன்றைக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எல்லாம் பொய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தன் மலத்திலேயே கிடந்து, எல்லாரையும்போலச் செத்தார். கழுவிவிட்டது சந்தனசாமி. கடைசி நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேஹர் சிங் கேட்டது ஒன்றுதான்.

"எரிச்சு ஆத்துல விடு. பத்து ஜாங்ஙான் தாரோ." கல் நடாதே. "என் பேர்ல ஒண்ணும் வைக்காதே. சத்தியமா?"

"சத்தியமா" என்றார் சந்தனசாமி.

எரித்து, ஆற்றில் விட்டார். அதுவரைக்கும் சரி. அடுத்த மாதம் ஒருத்தி மூடுபனியில் ஸ்டோர் பக்கம் தலைப்பாகை ஒன்று நடமாடியதைப் பார்த்தாளாம். மறுநாள் அங்கே ஒரு கல் முளைத்தது. கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டுச் சாயங்காலம் பூசாரியாகிவிடும் ஐயாசாமி, கல்லைச் சிலையாக்கினான். காவல் காத்துச் செத்தவன் காவல் தெய்வம்தானே, முனிக்கு என்ன படைப்போமோ அதைப் படைத்தால் போச்சு என்று கள்ளும் சுருட்டும் வைத்தான். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷன் கொட்டகைப் பக்கம் ஒருத்தர் எட்டிப் பார்த்ததில்லை.

சந்தனசாமி கிராணியார் வைத்தியலிங்கத்திடம் போய் முறையிட்டார். தோட்டத்துக் கணக்கு, ஆபீஸ் முழுக்கக் கிராணியார் கையில். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு அழியாதவர்.

"உமக்கேன் உந்தக் கொதி, டிரெசர்?" என்றார் வைத்தியலிங்கம். "சனம் கும்பிட்டிட்டுப் போகட்டும். அவன் செத்தாப் பிறகு ஸ்டோரில ஒரு ரப்பர் சீட் களவு போகேல்லை, பாத்தனீரோ? சோறும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். உப்பிடி ஒரு ஜாகா ஆருக்குக் கிடைக்கும்?"

"நீங்க கும்பிடுறீங்களா, ஐயா?"

"நானோ?" என்று சிரித்தார் வைத்தியலிங்கம். "எங்கட வீட்டில பிள்ளையார் இருக்கிறார். உது கூலிச் சனத்துக்கு."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சந்தனசாமிக்கு ஸ்டோர் முனை நாற்றம் ஆபீசுக்குள்ளேயே அடித்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். வேலை போனால் எங்கே போவது என்று பயம். தாக்குட் தாராக் என்று சொன்னவன் செத்துப்போனான், இவருக்குத் தாக்குட் நிறையவே இருந்தது.

இப்படியே விழுங்கிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். தனலெட்சுமியின் பிள்ளை காய்ச்சலில் விழாமல் இருந்திருந்தால்.

தனலெட்சுமி பால் வெட்டுகிறவள், புருஷனைப் பேதிக்குக் கொடுத்தவள். இருப்பது ஒரே பெண் குழந்தை. குளிர்காய்ச்சல். சந்தனசாமி கொய்னாவைக் கரைத்துக் கொடுத்தார். கசப்பு தாங்காமல் குழந்தை துப்பியது. மறுபடி கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் தாய்க்காரியே விரலை விட்டுத் துப்பவைத்தாள். கசப்பு மருந்து உள்ளே போனால் முனி கோபித்துக்கொள்ளும், முனியின் சுருட்டுச் சாம்பல் மட்டும் போதும் என்று ஐயாசாமி சொல்லியிருந்தான்.

"தனலெட்சுமி, இது விளையாட்டு இல்ல. பிள்ளை போயிரும்" என்றார் சந்தனசாமி.

"நீங்க வேதக்காரரு ஐயா, உங்களுக்குத் தெரியாது" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை முனிக்குப் பூசை. பதினோரு மணிக்கு சந்தனசாமி வார்டுக்குப் போனால் கட்டில் காலி. எங்கே போயிருப்பாள் என்று கேட்கவே வேண்டியதில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல் வெயிலில் நடந்தார்.

ஸ்டோர் முனையில் தோட்டமே கூடியிருந்தது. கிடா வெட்டி முடிந்து ரத்தம் மண்ணில் குழம்பிக் கிடந்தது. தப்பு அடிக்கிறவன் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி, குடை நிழலில், கிராணியார். நடுவில் தனலெட்சுமி மடியில் குழந்தை, கண் செருகி, உதடு வெடித்து. ஐயாசாமி கள்ளுப் பானைக்குள் கட்டைவிரலை விட்டான். ஈ செத்து மிதந்த பானை. நனைந்த விரலைச் சுருட்டுச் சாம்பலில் ஒற்றி, அதைக் குழந்தையின் நாக்கில் தடவினான்.

அதோடு சந்தனசாமிக்குப் பொறுமை அறுந்தது.

பானையை ஓர் உதை விட்டார். கள்ளு தெறித்துக் கூட்டம் விலகியது. சிலையின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கி எறிந்தார். சணல் தாடியைப் பிய்த்தார். என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. அந்த விஷயத்தை அவர் கேட்டது ஒரே பாஷையில்தான், வாயில் வந்ததும் அதே பாஷைதான்.

"மாக் தாராக்! பாப்பா தாராக்! மாத்தி தாராக்!" ஒவ்வொரு தாராக்குக்கும் சிலைமேல் ஓர் அடி விழுந்தது. தப்புக்காரன் கை, அவனை அறியாமலே, அந்தத் தாராக்கைப் பிடித்துக்கொண்டு வேகமெடுத்தது. மூன்றாவது அடியில் தலை கழன்று, நீலத் தலைப்பாகையோடு உருண்டு, கிடா ரத்தத்தில் போய் நின்றது.

தப்பு நின்றது. இனி அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று சந்தனசாமி நினைத்தார். அதுவும் நல்லதுதான் என்றுகூட நினைத்தார்.

ஐயாசாமி தடாலென்று காலில் விழுந்தான்.

"வந்துட்டாரு. வங்காளி வந்துட்டாரு. பாருங்க, மலாயில பேசுறாரு. சிலை சரியில்லன்னு கோவம் வந்துருச்சு அவருக்கு."

"வேதக்காரர் மேலயே இறங்கிட்டாரே" என்றாள் ஒருத்தி. குலவை கிளம்பியது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலைவழியாக இறங்கியது. யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

"எனக்குச் சாமியும் வரல, ஒரு மண்ணும் வரல. நான் டிரெசர்" என்று தமிழில் கத்தினார் சந்தனசாமி.

"இறங்கினது ஆளுக்கு எங்க தெரியும்" என்று ஐயாசாமி கூட்டத்துக்கு விளக்கம் சொன்னான். அவன் குரலில் பொய்யே இல்லை. அதுதான் சந்தனசாமிக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. ஏமாற்றுகிறவனைப் பிடித்து உதைக்கலாம், நம்புகிறவனை என்ன செய்வது?

அப்போது தனலெட்சுமி குழந்தையைக் கொண்டுவந்து அவர் காலடியில் கிடத்தினாள்.

"நீயே சொல்லு, சாமி. என்ன குடுக்கணும் என் பிள்ளைக்கு?"

குனிந்து தொட்டார். நெற்றி கொதித்தது. பொழுது சாய்வதற்குள் கொய்னா உள்ளே போய் நின்றால் பிழைக்கும், இல்லாவிட்டால் விடியாது. நாலு நாளாக அவர் சொன்னதைக் காதில் வாங்காதவள், இப்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். டிரெசராக இருந்து ஒரு சொட்டு மருந்து இறக்க முடியவில்லை. இன்னும் அரை நிமிஷம் சாமியாக இருந்தால் போதும்.

கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியவனின் முகம் வந்தது. குழந்தை ஒரு தடவை விக்கியது.

சந்தனசாமி உடம்பை உதறினார். தானாக உதறவில்லை, உதறவேண்டும் என்று தெரிந்தே உதறினார். வேப்பிலையை ஓங்கி, கண்ணை உருட்டி, கேஹர் சிங்கின் கட்டைக் குரலில் சொன்னார்: "காசி ஊபாட். டிரெசர் ஊபாட்."

"டிரெசர் மருந்தைக் குடுக்கச் சொல்றாரு" என்றான் ஐயாசாமி.

தாயே வாயைத் திறந்து பிடித்தாள். துப்பாமல் இருக்கத் தன் கையாலேயே மூடினாள். மூன்றாம் நாள் குழந்தை கஞ்சி கேட்டது. காய்ச்சல் திரும்பாமல் இருக்க வாராவாரம் கொய்னா கொடுக்கவேண்டும் என்று சந்தனசாமி சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் முனிக்கு என்ன குறை? கோத்தா திங்கியிலிருந்து கொத்தனார் வந்து சிமெண்டில் ஆளுயரச் சிலை பிடித்தார். இனி உதைத்தால் கால்தான் உடையும். சுருட்டும் கள்ளும் இருந்த இடத்தில் இருந்தன. பக்கத்தில் புதிதாக ஒரு கொய்னா போத்தல், அதற்கும் மஞ்சள் பொட்டு.

"ஏன் டிரெசர் முகத்தைச் சுளிக்கிறீர்?" என்று வைத்தியலிங்கம் சிரித்தார். "கடவுளுக்குப் பிறப்பில்லை எண்டு உம்மட கூட்டாளி சொன்னவனாம். உது பிறந்திட்டுது. பிள்ளைப்பேறு பாத்தது நீர்தானே."

சந்தனசாமி தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்று சாயங்காலம் ஸ்டோர் முனையைத் தாண்டும்போது, இத்தனை நாள் குமட்டலோடு நின்றது மேலே ஏறிவிட்டது. சாலையோரம் குந்தி, குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தார். யாரோ ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடித்தார்கள். தனலெட்சுமி. இடுப்பில் குழந்தை, கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"சாமி வருதுங்களா, ஐயா?" என்று பணிவாகக் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வாரத்துக் கொய்னா குடிச்சாளா?"

"நீங்க வந்து ஆடிச் சொன்னாத்தான் குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

சந்தனசாமி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தப்புக்காரனைக் கூப்பிடு" என்றார்.