அவிநாசியில் ஒரு நிறுத்தம்

என் மருமகள் அனிதாவுக்கு மார்பில் புற்றுநோய். இதை வெளியே சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தவன் நான். ஏற்றுமதிச் சரக்கு போகும் நாட்களில் மகன் இளங்குமரனால் எங்கள் பனியன் கம்பெனியை விட்டு நகர முடியாது. டிரைவர் வைத்தால் செய்தி ஊர் முழுக்கப் பரவும். அதனால் கோவை மருத்துவமனைக்கு நானே காரில் அழைத்துப் போய் வந்தேன்.

முதல் தவணை மருந்து ஏறிய மறுநாள் அவளுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. அடுத்த தவணைக்குப் போனபோது டாக்டர் நாகஜோதி அதைப் பற்றிக் கேட்டார்.

“நெறையத் தண்ணி குடிக்கச் சொன்னனே, குடிச்சீங்களா?”

அனிதா தரையைப் பார்த்தாள். “மாமா கூட கார்ல போகோணுமேங்க. நடுவுல எப்படிங்க நிறுத்தச் சொல்றது?”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “புற்றுசெல் ஓயாம ரெண்டாப் பிரிஞ்சு பெருகுதுங்க. அது பிரியோணும்னா உள்ள இருக்கற டிஎன்ஏவோட ரெண்டு இழையும் மொதல்ல விலகோணும். இந்த மருந்து அந்த ரெண்டையும் குறுக்கால பிணைச்சுப் போடும்.”

பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் கவனம் தப்பினால் பனியனின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் தைபட்டுவிடும். கழுத்து இருக்கும், கை இருக்கும், விரியாது. இழுத்தால் கிழியும். அது போலத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

“நல்ல செல்லையும் அது தொடுமல்லங்க?” என்றேன்.

“தொடும். நல்ல செல் நிதானமாச் சரி பண்ணிக்கப் பாக்கும். புற்றுசெல்லுக்கு அந்த நிதானம் இல்லீங்க. பிணைப்போடவே பிரியப் போய்ச் செத்துரும். ஆனா மருந்தோட கழிவு மூத்திரப்பையில தங்குச்சுன்னா அதையும் அரிச்சுப் போடும். மறுபடி ரத்தம் வந்தா இந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும். குடிக்கோணும், அடக்காமப் போகோணும். எடமும் சுத்தமா இருக்கோணும். இப்ப கிருமி தாங்கற உடம்பில்லீங்க.”

அன்று மருந்து ஏறியதும் அனிதா இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். கருமத்தம்பட்டி தாண்டியதும் சீட்டில் நெளியத் தொடங்கினாள். நானாக ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். கழிப்பறைக்குள் போனவள் மூக்கை மூடிக்கொண்டு அப்படியே திரும்பினாள்.

“ஊட்டுக்கே போயிரலாங்க மாமா. அடக்கிக்கறேன்.”

வீட்டுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. வழியில் அவிநாசியில் என் தம்பி அய்யாசாமி இருக்கிறான். எங்கள் அப்பா பெயரில் ஓடிய பனியன் லேபிளை வெளியாருக்கு விற்றவன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. எங்கள் வீட்டார் யாரும் அங்கே கை நனைப்பதில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அது நான் போட்ட கட்டு.

அவன் வாசலில் காரை நிறுத்தி மணியடித்தேன். அய்யாசாமியே வந்து கதவைத் திறந்தான்.

“நான் உள்ள வரல. மருமகளுக்கு ஒடம்பு சரியில்ல. பாத்ரூம் போகோணும்.”

“லேபிள் கேட்டு வந்துட்டீங்களாக்கும்னு பயந்துட்டனுங்ணா,” என்றான். பிறகு அவளைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துணியையும் பார்த்தான். சட்டென வழி விட்டு விலகினான். “நேரா உள்ள போ கண்ணு.”

அவள் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “ரத்தம் இல்லீங்க மாமா,” என்று மெதுவாகச் சொன்னாள். அய்யாசாமியின் மனைவி ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை நீட்டினாள். அனிதா கை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

“வாங்கிக் குடி கண்ணு.”

“குடிச்சா மறுபடி போகோணுங்களே.”

“போ. அதுவரைக்கும் இங்கதான் இருப்போம்,” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போய் உட்கார்ந்தேன்.