ஐந்நூற்றுப் பத்து, ஐந்நூற்றுப் பத்து

கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் வகுத்துப் பார்க்காவிட்டால் சர்வேயருக்கு இருப்புக் கொள்ளாது. முன்னால் போகிற வண்டியின் நம்பர், மருந்துப் பெட்டியில் அச்சடித்த நம்பர், எதுவும் தப்பாது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண் ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு முழுக்க முகம் பூரித்திருக்கும். முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவர் மனைவி, "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே கத்தரியில் கண்ணாக இருப்பாள்.

அந்த மனுஷருக்கு மூளையில், பேச்சு பிறக்கிற இடத்தை ஒட்டி ஒரு கட்டி. விழித்திருக்கும்போதே அறுவை செய்ய வேண்டும், அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சு தடுமாறினால் அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளலாம் என்றார் டாக்டர். முந்தின நாள் மனைவியே அவர் தலையை மழித்துவிட்டாள்.

அறுவை தொடங்கிய பிறகு காத்திருக்கும் அறையில் போன் அடித்தது. உள்ளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிற பெண்தான்.

"அக்கா, படத்தைக் காட்டிப் பேர் கேட்டா ஒத்தை வார்த்தையில முடிச்சிட்டு கண்ணை மூடிக்கிறாரு. விடாம பேச வைக்கணும். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களே பேசுங்க."

மனைவி மெதுவாக, "ஏங்க, அஞ்சு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூத்திப் பத்து. இது எதாலயெல்லாம் வகுபடும்?" என்றாள்.

சர்வேயரின் குரல் வந்தது. "ரெண்டால போகும். ரெண்டு லட்சத்து அம்பத்தஞ்சாயிரத்து இருநூத்தி அம்பத்தஞ்சு. மூணால போகும், எண்பத்தஞ்சாயிரத்து எண்பத்தஞ்சு. அஞ்சால பதினேழாயிரத்துப் பதினேழு. ஏழால ரெண்டாயிரத்து நானூத்தி முப்பத்தொண்ணு. அடுத்து... அடு..."

நின்றுபோனது. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இந்த இடம் வேண்டாம், தள்ளிப் போவோம்" என்று டாக்டர் சொல்வது கேட்டது.

"பதினொண்ணு" என்றார் சர்வேயர். "இருநூத்தி இருபத்தொண்ணு வரும். அது பதிமூணு தடவை பதினேழு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. முதல் ஏழு பகா எண்ணும் ஒண்ணு விடாம வந்து நிக்குது."

அதற்குப் பிறகு கட்டியை எடுத்து முடிக்கும்வரை அவர் வாய் ஓயவில்லையாம்.

மறுநாள் தலைக்கட்டோடு படுத்திருந்தவர் கேட்டார். "அந்த நம்பரை எங்க புடிச்சே?"

"நம்ம வீட்டுக் கதவு நம்பர் ஐந்நூத்திப் பத்து. மூணு இலக்க எண்ணைப் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவை எழுதினா ஏழு, பதினொண்ணு, பதிமூணு மூணாலயும் கண்டிப்பாப் போகும்னு பஸ்ல சொன்னீங்கள்ல? உங்களுக்கு நிச்சயமா ஏதாவது கிடைக்கணுமேன்னு அதைச் சொன்னேன். மத்ததெல்லாம் தானா வந்தது."

"அது கல்யாணமான புதுசுல. நீ ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டிருந்தே."

"கண்ணுதானே வெளிய இருந்துச்சு."

அவர் உதடு துடித்தது. பேச்சுதான் மறுபடி சிக்கிக்கொண்டதோ என்று அவள் பதறிவிட்டாள். அழுகை. துண்டால் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஏன் மூணாலயும் போகுதுன்னு சொல்லட்டா?" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"சொல்லுங்க" என்று நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.