பொன்னாடைக் கட்டு

பிரியவதனிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தீவகப் போட்டியின் இருநூறு மீற்றரில் முதலாவதாக வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். அடுத்த வருடம் வயது கடந்துவிடும். போனால் இந்த முறைதான். ஆகவே நேரத்துக்கே மைதானத்துக்கு வந்து, மெல்ல ஓடி, காலை நீட்டி மடக்கி, உடம்பு வியர்க்கத் தயாராக நின்றாள்.

அப்போதுதான் பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். சுருவிலில் பிறந்து லண்டனில் விளையாட்டு உயிர்ப்பொறிமுறை படிப்பிக்கும் பிரதாபன். தசை ஏன் கிழிகிறது, மூட்டு ஏன் விலகுகிறது என்பதில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சரவணமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. மாலை, மங்கல விளக்கு, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடியும்வரை ஓடுகிறவர்கள் மேடைக்கு முன்னால் ஈரப்புல்லில் வரிசையாக உட்கார்ந்து இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. வெறும் புல்லுக்குப் பேசவா மனிதர் லண்டனிலிருந்து வந்தார்?

வாடைக்காற்று அடித்தது. பிரியவதனி எழும்பி, பந்தலுக்குப் பின்னால் போய், நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கினாள்.

"பிள்ளை, இரும்! பெரிய மனிசர் கதைக்கேக்க என்ன துள்ளல்?" என்று சரவணமுத்து சீறினார்.

"உடம்பு ஆறினால் ஓட ஏலாது, ஐயா."

"மரியாதை தெரியாதவைக்கு இஞ்ச ஓட்டமும் இல்லை."

இருந்தாள்.

பிரதாபன் பேசினார். அருமையான பேச்சு, அதைச் சொல்லத்தான் வேண்டும். பின்தொடைத் தசை இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிறது. காலை முன்னால் வீசும்போது அது நீண்டபடியே அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துகிறது. கிழிவதும் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். "ஆறின தசை பனங்கட்டி மாதிரி, இழுத்தால் நீளாது. உடம்பைச் சூடாக்கிப்போட்டு ஒருநாளும் சும்மா இருக்கப்படாது" என்று, சும்மா இருந்தவர்களைப் பார்த்தே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளங்கையாவது சூடேறட்டும் என்று பிரியவதனி பலமாகவே தட்டினாள்.

பேச்சு முடிந்த கையோடு ஓட்டத்துக்கு வெடி வைத்தார்கள். வளைவு தாண்டும்வரை அவள்தான் முன்னால். பிறகு தொடையின் பின்பக்கத்தில் பட்டென்று ஏதோ அறுந்தது. விழுந்தாள்.

பிரதாபன் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார். "தசை கிழிஞ்சிட்டுது. நீர் உடம்பைச் சூடாக்கேல்லையோ?"

"சூடாக்கினனான், ஐயா. உங்கட பேச்சுக்கு முதல்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். ஐஸ் கேட்டார். இருந்த ஐஸ் முழுவதும் விருந்தினருக்கான சர்பத்தில் கரைந்திருந்தது. இறுக்கிக் கட்டத் துணி கேட்டார். பூட்டியிருந்த முதலுதவிப் பெட்டியின் திறப்பு யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை. பிரியவதனி அவருடைய தோளையே பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். பொன்னாடையைக் கழற்றி அவள் தொடையில் இறுக்கிச் சுற்றினார். சரிகை குத்தியது.

மாகாணம் போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. நோவுக்கு அல்ல, இரும் என்றதும் இருந்துவிட்டதற்கு.

ஒலிபெருக்கியில் சரவணமுத்துவின் குரல் கேட்டது. "அடுத்ததா நன்றியுரை. எல்லாரும் தயவுசெய்து இருங்கோ."

கூட ஓடிய நிமலினி அவள் இருக்கவென்று ஒரு கதிரையை இழுத்து வந்தாள்.

"எடும் அதை. இனி நான் இருக்கமாட்டன்" என்றாள் பிரியவதனி. நிமலினியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில், பொன்னாடை மினுங்க மினுங்க, நன்றியுரைக்கு நடுவே மேடைக்கு முன்னாலேயே நொண்டிக்கொண்டு போனாள்.